சீசன் முடியட்டும்

அந்தப் பேனரைக் கட்டியது நான்தான். ஏணி என்னிடம்தான் இருந்தது. லாட்ஜ் வாசலில் லைட் கம்பத்துக்கும் மாமரத்துக்கும் நடுவில் இழுத்துக் கட்டினேன். அக்காவின் படம், இரண்டு பக்கமும் மெழுகுவத்தி, கீழே பெரிய எழுத்தில் 'ஓய்வறியா உழைப்பாளி'. நான் கீழே இறங்கியதும் முதலாளி அண்ணாந்து பார்த்து, "நல்லாருக்குலே" என்றார். எது அவளைக் கொன்றதோ அதையே பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது.  ஏணியைத் தூக்கிக்கொண்டு போய் ஜெனரேட்டர் ரூமில் சாய்த்து வைத்தேன். அழுகை எதுவும் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

பெயர் எழுதப் போவதில்லை. லாட்ஜில் எல்லாருக்கும் அவள் அக்கா. என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவள், 'அவர்' என்றுதான் எழுத வேண்டும். அப்படி எழுதிப் பார்த்தேன், யாரோ கலெக்டர் அம்மாவைப் பற்றி எழுதுவது போல இருக்கிறது. அதனால் அவள்.

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில் இருந்தது அந்த லாட்ஜ். மூன்று மாடி. அதற்கு அவள் மேனேஜர். நான் எலக்ட்ரீசியன். பிளம்பரும் நான்தான், ஜெனரேட்டரும் நான்தான், லிஃப்ட் பாதியில் நின்றால் கதவைப் பிளந்து ஆளை வெளியே இழுப்பவனும் நான்தான். தென்காசியிலிருந்து தினமும் பஸ்சில் போய் வருவேன். ரூம் கூட்டுகிற பெண்கள், ரூம் பாய்கள், வாட்ச்மேன், சமையல்காரர் எல்லாரும் அவளுக்குக் கீழே வேலை பார்த்தோம்.

ரிசப்ஷனுக்குப் பின்னால் அவளுக்கென்று ஓர் அறை. அதில் ஒரு சுழல் நாற்காலி. அவளுக்காக முதலாளி மதுரையிலிருந்து வரவழைத்தது. அவள் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. சோப்பு அட்டைப்பெட்டிகளும் தலையணைகளும்தான் அதில் உட்கார்ந்திருக்கும். அவள் நிற்பாள். கவுண்டரில் முழங்கையை ஊன்றி நிற்பாள், மாடிப்படியில் சுவரைப் பிடித்து நிற்பாள், சமையல்கட்டு வாசலில் நிலையில் சாய்ந்து நிற்பாள். இடுப்பில் சாவிக்கொத்து. எந்த மாடியில் நிற்கிறாள் என்பது சத்தத்தை வைத்தே தெரியும்.

யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி, "சாப்ட்டியாலே?" பெண்களாக இருந்தால், "சாப்ட்டியாட்டி?" இல்லை என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. கையில் இருக்கிற வேலையைப் பிடுங்கி வைத்துவிட்டு, சமையல்கட்டுக்குத் துரத்துவாள். மேஜை டிராயரில் பிஸ்கட் பாக்கெட் வைத்திருப்பாள், எல்லாம் மற்றவர்களுக்கு. அவளுக்குச் சர்க்கரை வியாதி. வேளைக்குச் சாப்பிட்டே ஆக வேண்டிய உடம்பு. ஆய்க்குடியில் தங்கை வீட்டில்தான் இருந்தாள். தங்கை கட்டிக்கொடுக்கிற டிபன் பாக்ஸ் காலையிலிருந்து அவள் அறை ஜன்னலோரம் இருக்கும். மூன்று மணிவாக்கில் வாட்ச்மேன் தாத்தா அதைக் காலி செய்துகொண்டிருப்பார்.

"நீங்க சாப்ட்டாச்சா எக்கா?" என்று கேட்டால், "ஆச்சு ஆச்சு" என்பாள். ஆகியிருக்காது.

ஒருநாள் செல்வி காய்ச்சலோடு வந்தாள். மூன்றாவது மாடி ரூம்களைக் கூட்டித் துடைப்பவள் செல்வி. அக்கா அவள் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"ஏட்டி, இட்லி அவிக்கலாம் போல இருக்கு. வீட்டுக்குப் போ."

"மூணாவது மாடி யாருக்கா பாப்பா? பத்து மணிக்கு மதுரை பார்ட்டி வருதாங்க."

"நான் பாத்துக்கிடுதேன். நீ போட்டி."

பார்த்தும் கொண்டாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளே கூட்டினாள், அவளே கக்கூஸ் கழுவினாள். இறங்கி வந்து கவுண்டரில் நின்று மதுரைப் பார்ட்டிக்குச் சிரித்தபடி சாவி கொடுத்தாள். எங்களுக்கெல்லாம் பெருமையாக இருந்தது. இப்படி ஒரு மேனேஜர் எந்த லாட்ஜில் இருக்கிறாள் என்று டீக்கடையில் பீற்றிக்கொண்டோம். கிறுக்குத்தனம். செல்வி வராவிட்டால் வேறு ஆளைக் கூப்பிட ஓர் ஏற்பாடு வேண்டும், அதைச் செய்வதுதான் மேனேஜர் வேலை என்பது எங்கள் ஒருத்தர் புத்திக்கும் எட்டவில்லை. எட்டாமல் அவளும் பார்த்துக்கொண்டாள்.

செல்வியே இரண்டு தடவை கேட்டாள். "எக்கா, சாயங்காலம் நான் கவுண்டர்ல நிக்கேன். நீங்க வீட்டுக்குப் போங்க. பத்தாங்கிளாஸ் பாஸ் பண்ணிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"நீ சின்னப்பிள்ளட்டி. ஒருத்தன் குடிச்சிட்டு வருவான், ஒருத்தன் பொண்டாட்டின்னு பொய் சொல்லுவான். நான் பாத்துக்கிடுதேன்."

அந்தச் சின்னப்பிள்ளைக்கு இரண்டு குழந்தைகள் இருந்தன.

அக்காவிடம் பாசம் இருந்தது. அதை யாரும் மறுக்க முடியாது. எங்கள்மேல் நம்பிக்கை இருந்ததா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியவில்லை. சாவிக்கொத்தை ஒரு மணி நேரம்கூட இன்னொருத்தி இடுப்புக்கு மாற்றியதில்லை.

இனி குளியலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

குற்றாலத்துக்கு வருகிறவன் அருவியில் குளிக்கத்தான் வருகிறான். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு போய் நின்று, குளித்து, அதே எண்ணெயோடு எங்கள் மெத்தை விரிப்பில் புரண்டு, மறுபடி போய்க் குளிப்பான். அந்த விரிப்பையெல்லாம் துவைக்கக் கொடுத்து வாங்கி அடுக்குகிறவள் அக்கா. அத்தனை வருஷமும் அருவிச் சத்தத்துக்குள்ளேயே நின்றாள். சாரல் ஜன்னல் வழியாக வந்து மேஜையை நனைக்கும். அருவிக்குள் அவள் தலை ஒரு தடவைகூடப் போகவில்லை.

"எக்கா, வாரீயளா? காலையில கூட்டம் கம்மி. ஒரு எட்டு போயிட்டு வந்துருவோம்" என்று பெண்கள் கூப்பிடுவார்கள்.

"இப்பவா? எல்லா ரூமும் ஃபுல்லா கெடக்கு. சீசன் முடியட்டும்ட்டி."

ஊரில் இருக்கிற எல்லாருக்கும் இது தெரியும். சீசன் என்றால் தண்ணீர். தண்ணீர் விழுவதால்தான் கூட்டம், கூட்டத்தால்தான் வேலை. ஆனி ஆடியில் சாரல் சீசன். அது முடிந்தால் ஐப்பசி மழை. அதன் பின்னாலேயே மாலை போட்ட சாமிமார் வேன் வேனாக வந்து இறங்குவார்கள். எல்லாம் முடிந்து ரூம்கள் காலியாகிற மாசியில் பாறை காய்ந்துபோய்க் கிடக்கும். மேலேயிருந்து ஒண்ணுக்குப் போனது போல ஓரத்தில் ஒரு கோடு வழியும். அவ்வளவுதான். அவள் அந்த மாசியைத்தான் ஒவ்வொரு வருஷமும் தனக்கென்று எடுத்து வைத்திருந்தாள். தெரியாமல் இல்லை. தெரிந்தும் அதையேதான் சொன்னாள்.

மோட்டார் விஷயம் ஒன்று. ஆடி மாசத்து ஞாயிற்றுக்கிழமை. மேல் டேங்க் நிரம்ப நிரம்பக் காலியானது. மோட்டாரை நிறுத்தவே முடியவில்லை. அக்கா கீழே பம்ப் ரூமுக்கு வந்தாள். மோட்டார்மேல் கையை வைத்தாள்.

"ஏலே, கொதிக்குதுலா. நிப்பாட்டு."

"மூணாவது மாடிக்காரன் கத்துவான் எக்கா. சோப்பு போட்டுட்டு நிக்கானாம்."

"நிக்கட்டும். அருவிக்குப் போயி கழுவிட்டு வரட்டும். அரை மணி நேரம் நிப்பாட்டு. எரிஞ்சு போச்சுன்னா நாளைக்கு எவனுக்கும் தண்ணி கெடையாது."

நிறுத்தினேன். அவள் விடியக்காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தாள். கணுக்கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் உள்ளே அழுந்தியிருந்தது.

"நீங்களும் செத்த உக்காருங்க" என்று ஸ்டூலைத் தள்ளினேன்.

"நான் என்ன மோட்டாராலே?" என்று சிரித்துவிட்டு மேலே போய்விட்டாள்.

மோட்டாரைவிடக் கேவலமாகத்தான் தன்னை நடத்தினாள். அன்று எனக்கு அது ஜோக்காக இருந்தது. நானும் சிரித்தேன்.

ஆயுத பூஜைக்கு முதலாளி அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார். வாரம் ஒருமுறை தென்காசியிலிருந்து காரில் வந்து, ஒரு இளநீர் குடித்துவிட்டுப் போகிறவர். "இத்தனை வருசத்துல ஒரு நாளு லீவு போட்டதில்ல. அவ இருக்க மட்டும் எனக்கு ஒரு கவலையும் கெடையாது" என்று மைக்கில் சொன்னார். எல்லாரும் கை தட்டினோம். அவள் பொன்னாடையை மடித்து அந்த நாற்காலியில், தலையணைகளுக்கு மேலே வைத்துவிட்டு, சுண்டல் எல்லாருக்கும் வந்ததா என்று பார்க்கப் போய்விட்டாள். முதலாளிக்குக் கவலை இல்லை என்றால் அந்தக் கவலை எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று யாராவது கேட்டிருக்க வேண்டும்.

பிறகுதான் அவள் மாற ஆரம்பித்தாள். சட்டென்று இல்லை. முதலில் சிரிப்பு நின்றது. அதற்குப் பிறகு சண்டையும் நின்றது. அருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டால், வந்தவர்களெல்லாம் எங்கள் கவுண்டரில்தான் வந்து கத்துவார்கள், ஏதோ நாங்கள்தான் மலைக்கு மேலே குழாயைத் திறந்துவிட்டது போல. முன்பென்றால் அக்கா பதிலுக்குக் கொடுப்பாள். "தண்ணி கொறைய வந்தாலும் ஏசுதீய, கூட வந்தாலும் ஏசுதீய. அளந்து ஊத்தணும்னா வீட்டு பாத்ரூம்லதான் குளிக்கணும் அண்ணாச்சி" என்பாள். கத்துகிறவனே சிரித்துவிடுவான். அந்த வருஷம் ஒருவன் வாய்க்கு வந்தபடி பேசினான். அவள் அவன் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் பேசி முடித்ததும், "சரி சார்" என்றாள். அவன் கெட்ட வார்த்தை சொன்னதற்கும் "சரி சார்"தான்.

அடுத்து அந்தக் குழந்தை. மத்தியானம். லாட்ஜ் நிரம்பி வழிந்தது. ஒருவர் ஈர வேட்டியோடு ஓடி வந்தார். நான்கு வயதுப் பெண் பிள்ளையைக் காணவில்லை. அருவியிலிருந்து கூட்டி வந்தது ஞாபகம் இருக்கிறது, ரூமில் இல்லை. அவர் மனைவி படியிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அக்கா கவுண்டரில் நின்று துண்டு மடித்துக்கொண்டிருந்தாள்.

"யம்மா, பிள்ளையக் காணும்மா, பிள்ளையக் காணும்!"

அக்கா தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். "கவுண்டர்ல சொல்லுங்க சார்" என்றாள். மறுபடி துண்டை எடுத்து மடித்தாள்.

கவுண்டரே அவள்தான்.

செல்வி துடைப்பத்தைப் போட்டுவிட்டு மேலே ஓடினாள். நான் ரோட்டுக்கு ஓடினேன். பிள்ளை இரண்டாவது மாடியில் வேறொரு குடும்பத்து ரூமில் உட்கார்ந்து சிப்ஸ் தின்றுகொண்டு டிவி பார்த்தது. செல்வி தூக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். அந்த அம்மா பிள்ளையை வாங்கி அடிக்கவும் செய்தாள், முத்தம் கொடுக்கவும் செய்தாள். அத்தனை சத்தத்துக்கும் அக்கா திரும்பவில்லை. கிடைத்ததா என்று கேட்கவில்லை. பிள்ளைகளைக் கண்டால் டிராயரைத் திறந்து பிஸ்கட் எடுப்பவள். நான் கிட்டே போய், "எக்கா" என்றேன். "ம்" என்றாள். துண்டு மடிப்பு அத்தனை நேர்த்தியாக இருந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

அந்த வாரம் முதலாளி வந்தபோது காருக்குப் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டேன்.

"அண்ணாச்சி, அக்காவுக்கு ஒடம்பு சரியில்ல. மனசும் சரியில்ல. ஒரு மாசம் லீவு குடுங்க."

"அவ கேட்டாளா?"

"கேக்க மாட்டாங்க. நீங்கதான் குடுக்கணும்."

"ஏலே, அவ கேக்காம நான் எப்படிலே குடுக்க? போகச் சொல்லுதேன்னு தப்பா நெனச்சுக்கிடமாட்டாளா? இப்ப எல்லா ரூமும் ஃபுல்லு வேற. சீசன் முடியட்டும், பாப்போம்."

அவள் சொன்ன அதே மூன்று எழுத்து சீசன்தான். அவளிடம் சொன்னேன். "மொதலாளிகிட்ட எதுக்குலே போயி நின்ன? எனக்கு என்ன கேடு? நீ ஒன் வயர மட்டும் பாரு" என்றாள். கோபமாகக்கூட இல்லை. வாசித்துக் காட்டுவது போலச் சொன்னாள்.

அப்புறம் ரத்தம். ஒருநாள் காலையில், செல்வி துடைத்துவிட்டுப் போன தரையில் பொட்டுப் பொட்டாகச் சிவப்பு. இரண்டாவது மாடியில் ஆரம்பித்து, படி வழியாக இறங்கி, சமையல்கட்டு வரை போய், மறுபடி படி ஏறியிருந்தது. எவனோ குடித்துவிட்டு பாட்டிலை மிதித்திருக்கிறான் என்று செல்வி ஏசிக்கொண்டே துடைத்தாள். துடைத்துக்கொண்டே போனவள் துணி அடுக்குகிற ரூம் வாசலில் நின்றுவிட்டாள். உள்ளே அக்கா நின்று விரிப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். வலது செருப்பு முழுக்க ரத்தம்.

உடைந்த கண்ணாடி டம்ளர் ஒன்றின் துண்டு. தேய்ந்த செருப்பைத் துளைத்துக்கொண்டு உள்ளங்காலில் ஏறியிருந்தது. அதோடு மாடி மாடியாக நடந்திருக்கிறாள். செல்வி கத்திய கத்தலில் நான் ஓடினேன். தலையணைகளையும் பொன்னாடையையும் கீழே தள்ளிவிட்டு அந்தச் சுழல் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து அவளை உட்கார வைத்தோம். முதல் தடவையாக அதில் உட்கார்ந்தாள்.

"வலிக்கலையாக்கா?" செல்வி அழுதாள்.

அக்கா காலைத் திருப்பிப் பார்த்தாள். வேறு யாருடையதையோ பார்ப்பது போல. "வலிக்கலையேட்டி" என்றாள். கொஞ்சம் கழித்து, "ஃப்ளோரத் தொடச்சிரு, பார்ட்டி வருவாங்க" என்றாள்.

தென்காசியில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். சர்க்கரை முற்றிக் காலில் உணர்ச்சியே இல்லை, ரொம்ப நாளாகவே இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். பெருவிரலுக்குக் கீழே பழைய புண் ஒன்றும் இருந்தது. பிளாஸ்டிக் கவரைச் சுற்றி, மேலே துணி கட்டி, அதற்கு மேலே செருப்பு. தரை துடைக்கும்போது ஈரம் படாமல் இருக்கக் கட்டியதாம்.

அன்று லாட்ஜில் துண்டு எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. கிளம்பும்போதே துணி ரூமை இழுத்துப் பூட்டச் சொல்லியிருந்தாள். அவள் இடுப்பிலிருந்து கழற்றி வைத்த சாவிக்கொத்து ரிசப்ஷனில் இருந்தது, ஆனால் எது எந்தச் சாவி என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஒன்றிலும் அடையாளம் இல்லை. அவள் விரலால் தடவியே எடுப்பாள். ஈரத்தோடு வந்தவர்கள் வராந்தாவில் நின்று கத்தினார்கள். நான் சுத்தியலால் பூட்டை உடைத்தேன். விஷயம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. போன் வந்தது.

"ஏலே, பூட்ட ஒடச்சியாமே? கொத்துல மூக்கு ஒடஞ்ச பித்தளைச் சாவிதாம்லே அது."

"அத ஒரு நாளாவது சொல்லிக் குடுத்தீயளா எக்கா?" என்று கத்திவிட்டேன்.  போனை வைத்துவிட்டாள். புண் ஆறவில்லை. திருநெல்வேலிக்குக் கொண்டு போய், காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

ஒரே வாரத்தில் முதலாளி இரண்டு மேனேஜர் போட்டார். பகலுக்கு ஒருவர், ராத்திரிக்கு ஒருவர். வாரத்துக்கு ஒரு நாள் லீவு. செல்வியைக் கவுண்டருக்கு எடுத்தார். லாட்ஜ் நடந்தது. நன்றாகவே நடந்தது.  இத்தனை சுலபமான காரியத்துக்கு ஒரு கால் தேவைப்பட்டிருக்கிறது.

ஆடியில் அவளைப் பார்க்க ஆய்க்குடிக்குப் போனேன். முன்னறையில் கட்டிலில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் போய் அரை மணி நேரம் இருந்தேன். சாப்ட்டியாலே என்று அவள் கேட்கவில்லை. அதைக் கேட்டுவிடுவாள் என்று நான் பதிலோடு உட்கார்ந்திருந்தேன்.

"சாரல் அடிக்கா?" என்றாள்.

"நல்லா அடிக்கு எக்கா. அஞ்சருவியில அஞ்சுலயும் விழுது. ஆட்டோ கொண்டாரேன். செல்வியும் வாறேன்னுட்டா. நாங்க ரெண்டு பேரும் தூக்கிட்டுப் போயிருவோம். பழைய குத்தால அருவியில ஓரமா உக்காத்தி வைக்கோம். ஒரு குளி குளிங்க."

அவள் யோசிப்பது போல இருந்தது. வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துப் போனது.

"இப்ப கூட்டமா இருக்கும்லே" என்றாள். "சீசன் முடியட்டும்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. தங்கை காப்பி கொண்டு வந்தாள். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மாசியில் போய்ச் சேர்ந்தாள். ரூமெல்லாம் காலி. அதனால் லாட்ஜ் ஆட்கள் எல்லாருமே எடுப்புக்கு வர முடிந்தது.

இப்போது நான் தென்காசியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றி காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறேன். எனக்குக் கீழே மூன்று பேர். சீசன் வந்தால் குற்றாலத்து லாட்ஜ் மோட்டார் எல்லாம் எரிந்துபோய் வந்து வாசலில் குவியும். எல்லாருக்கும் இன்றைக்கே வேண்டும். நானும் கொஞ்ச நாள் டீயை மட்டும் குடித்துவிட்டு அக்கா மாதிரித்தான் ஓட்டினேன். இப்போது புதன்கிழமை மத்தியானம் சாவியைக் கடைப் பையன் முருகன் கையில் கொடுத்துவிடுகிறேன். போன் கடை டிராயரில் கிடக்கும். முருகன் தப்பு செய்வான். ஒரு தடவை காயிலை மாற்றிச் சுற்றிவிட்டான். செய்யட்டும். மறுபடி பிரித்துச் சுற்றினான், அவ்வளவுதான்.

போன வாரம் ஒரு லாட்ஜ்காரர் வாசலிலேயே மறித்தார். "என்ன வேய், சீசன் நேரத்துல துண்டத் தோள்ல போட்டுக் கெளம்பிட்டீரு? கல்யாண மாப்பிள்ளையா நீரு?"

"முருகன் இருக்கான். அவன்கிட்ட சொல்லும்."

"நீரு பாத்தா நல்லாருக்கும்."

"நான் பாக்க மாட்டேன்" என்றேன். அவர் என்னை ஏசியது பஸ் ஸ்டாப் வரை கேட்டது.

பழைய குற்றாலத்தில் வரிசையில் நின்று உள்ளே போனேன். தண்ணீர் தலையில் இறங்கியது. சந்தோஷம், நிம்மதி என்று எழுத ஆசைதான். ஒன்றும் தோன்றவில்லை. பக்கத்தில் ஒருவன், "தள்ளி நில்லுங்க அண்ணாச்சி, அருவிய வெலைக்கா வாங்கிருக்கீரு" என்று தள்ளினான். தள்ளி நின்றேன். கண்ணை மூடிக்கொண்டு வலது குதிகாலைப் பாறையின் கூரான விளிம்பில் வைத்து, உடம்பு எடை முழுவதையும் போட்டு அழுத்தினேன்.

வலித்தது. மற்ற காலையும் அழுத்திப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன்.